பால் ஏன் திரிகிறது? புளிப்பை ஒளியால் அளப்பது எப்படி?



பால் வாங்காத வீடு நம்மில் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், மருந்தோடு ஒரு டம்ளர் பால் குடிக்கும் பெரியவர் இருக்கும் வீட்டிலும், பால் கெட்டால் அன்றைய நாளே கெட்டுவிடுகிறது. அப்போது நாம் முதலில் சொல்வது, "பால்காரர் எதையோ கலந்துவிட்டார்" என்பதுதான். அந்தச் சொல் உண்மையா, இல்லையா என்று அளந்து பார்க்க வழி இருக்கிறது. பாலின் புளிப்பை அளக்கும் முறைகளையும், அந்த அளவை ஒளியின் உதவியால் எடுக்கும் புதிய சென்சார்களையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு. அதன் பெயர் லாக்டோஸ். கறக்கும்போது கையிலிருந்தும், பாத்திரத்திலிருந்தும், மாட்டின் மடியிலிருந்தும், காற்றிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பாலில் சேர்கின்றன. அவற்றில் ஒரு வகை இந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தை 1780-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே.

நம் ஊர் வெயிலில் இந்த பாக்டீரியாக்கள் மிக வேகமாகப் பெருகும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், ஒன்று ஐந்து மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் அந்த வேகம் பெருமளவு அடங்கிவிடும். ஆகவே பாலின் புளிப்பு ஒரு கடிகாரம் போன்றது. கறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த வெப்பத்தில் இருந்தது, பாத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்ற மூன்றையும் சேர்த்து அது காட்டிக்கொடுக்கும்.

பால் திரிவது எப்படி?

பாலில் கேசின் என்னும் புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய 100 முதல் 200 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் இப்படிப்பட்ட உருண்டைகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம். இவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதுவும் ஒன்றை ஒன்று விலக்கி நிறுத்துகிறது. அமிலம் கூடக் கூட அந்த மின்னூட்டம் குறையும். விலகி நின்றவை நெருங்கும், ஒட்டும், கட்டியாகும். சாதாரண வெப்பநிலையில் இது முழுமையாக நடக்கும்போதுதான் தயிர் உறைகிறது. அடுப்பில் வைத்துச் சூடேற்றினாலோ, கொஞ்சம் அமிலமே போதும், பால் திரிந்துவிடும். காலையில் வாயில் வைத்தால் புளிப்பே தெரியாத பால், அடுப்பில் ஏறியதும் திரிவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வகை அளவுகள்

புளிப்பை இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது பி.எச். அளவு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909-இல் வகுத்த அளவுகோல் இது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். புதிய பசும்பாலின் பி.எச். 6.6-க்கும் 6.8-க்கும் இடையில் இருக்கும். தயிர் நன்றாக உறையும்போது 4.6-ஐ ஒட்டி வந்துவிடும். இந்த அளவுகோலில் 1 குறைந்தால் அமிலத்தின் வீரியம் 10 மடங்கு கூடும். 0.3 குறைந்தாலே இரண்டு மடங்கு. அதனால் 6.7 என்பது 6.4 ஆவதைச் சிறிய மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, அமிலச் சதவீதம். பாலில் உள்ள அமிலத்தைச் சமன் செய்ய எவ்வளவு காரம் தேவைப்படுகிறது என்று பார்த்து, அதை லாக்டிக் அமிலக் கணக்கில் சொல்வது. அப்போது கறந்த பாலிலும் இது 0.13 அல்லது 0.14 சதவீதம் என்று வரும். பாலில் இன்னும் லாக்டிக் அமிலம் உருவாகவில்லை என்றாலும், அதன் புரதமும் பாஸ்பேட், சிட்ரேட் உப்புகளும் காரத்தை ஏற்றுக்கொள்வதால் இந்த எண் கிடைக்கிறது. இது இயற்கைப் புளிப்பு. இதற்கு மேல் ஏறுவதுதான் பாக்டீரியா உண்டாக்கிய புளிப்பு. 0.2 சதவீதத்தைத் தாண்டிய பால் பொதுவாக அடுப்பில் திரியும்.

பால் சங்கங்களில் செய்யும் பழைய சோதனைகள்

1. கொதிக்க வைத்துப் பார்த்தல். சோதனைக் குழாயில் 5 மில்லி பாலை எடுத்து, கொதிக்கும் நீரில் சுமார் 5 நிமிடம் வைப்பார்கள். துகள்கள் தெரிந்தால் அந்தக் கேனை ஏற்கமாட்டார்கள்.

2. ஆல்கஹால் சோதனை. பாலும் 68 சதவீத எத்தில் ஆல்கஹாலும் சம அளவில் கலந்து குலுக்குவார்கள். புளித்த பால் உடனே துகளாகும். கொதிக்க வைக்கும் சோதனையில் தப்பும் பாலும் இதில் சிக்கும்.

3. காரம் சொட்டிப் பார்த்தல். 9 மில்லி பாலில் சில சொட்டு பீனால்ப்தலீன் விட்டு, டெசிநார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மங்கலான இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நின்றால் நிறுத்த வேண்டும். செலவான கரைசலின் மில்லி அளவைப் பத்தால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். 1.5 மில்லி என்றால் 0.15 சதவீதம்.

மூன்றாவது சோதனைதான் எண்ணாக விடை தருவது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வெள்ளைப் பாலில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்பதை ஒருவருடைய கண்தான் முடிவு செய்கிறது. விடியற்காலை மங்கிய விளக்கில் ஒருவர் 1.5-இல் நிறுத்துவார், இன்னொருவர் 1.8 வரை போவார். வரிசையில் நிற்கும் விவசாயிக்கு அந்த 0.3 மில்லி வித்தியாசம், பால் விலை போகுமா திரும்பி வருமா என்பதாக முடிந்துவிடும்.

பி.எச். அளக்கக் கண்ணாடி மின்முனைக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதன் நுனி மெல்லிய கண்ணாடி, கைதவறினால் உடையும். பாலின் கொழுப்பும் புரதமும் அதில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழுவி, ஈரத்தில் வைத்து, அவ்வப்போது அளவு சரிபார்க்க வேண்டும். கிராமத்துப் பால் மையத்தில் இதை நாள்தோறும் பேணுவது கடினம்.

கண்ணுக்குப் பதிலாக ஒளி

இங்கேதான் ஒளி சென்சார் வருகிறது. இதில் மூன்று பாகங்கள் போதும்: ஒளி கொடுக்க ஒரு எல்.இ.டி. விளக்கு, ஒளியை வாங்கி மின்சாரமாக மாற்ற ஒரு போட்டோ டையோடு, நடுவில் புளிப்புக்கு ஏற்ப மாறும் ஒரு பொருள்.

அடிப்படை விதி எளியது. ஒரு பொருளுக்கு நிறம் இருக்கிறது என்றால், அது ஏதோ ஒரு நிற ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். இளஞ்சிவப்புக் கரைசல் பச்சை ஒளியை விழுங்கும். ஆகவே மேலே சொன்ன மூன்றாவது சோதனையில் கண்ணுக்குப் பதில் பச்சை எல்.இ.டி.யை வைத்தால், இளஞ்சிவப்பு தோன்றிய உடனே திரும்பி வரும் பச்சை ஒளி குறையும். கருவி அந்த நொடியைக் குறித்துக்கொள்ளும். காலையிலும் இரவிலும் அதற்கு ஒரே கண்.

இரண்டாவது வகை, நிறம் மாறும் படலம். புரோமோகிரெசால் பர்ப்பிள் என்று ஒரு சாயம் உண்டு. பி.எச். 5.2-க்குக் கீழே அது மஞ்சள், 6.8-க்கு மேலே ஊதா. 6.3-ஐ ஒட்டிப் பாதி பாதியாக இருக்கும். நல்ல பாலும் புளிக்கத் தொடங்கிய பாலும் இந்த எல்லைக்குள்ளேயே வருவதால் பாலுக்கு இது பொருத்தமான சாயம். இதைக் கண்ணாடி போன்ற நுண்துளைப் படலத்தில் சிறைப்படுத்திப் பாலில் நனைப்பார்கள். சாயத்தின் மஞ்சள் வடிவம் 430 நானோமீட்டரை ஒட்டிய நீல ஊதா ஒளியையும், ஊதா வடிவம் 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியையும் அதிகம் விழுங்கும். இரண்டு ஒளியையும் மாறி மாறிப் பாய்ச்சி, இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் பி.எச். கிடைக்கும். விகிதம் எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. படலத்தில் சாயம் கொஞ்சம் வெளுத்துப் போனாலும் இரண்டு அளவும் சேர்ந்தே குறையும்; விடை அதிகம் பிசகாது. இதே படலத்தை மெல்லிய ஒளியிழையின் மேல் பூசி, பெரிய தொட்டிக்குள் விட்டு அளக்கும் முறையும் ஆய்வுகளில் இருக்கிறது.

மூன்றாவது வகைக்குச் சாயமே வேண்டாம். பால் வெள்ளையாகத் தெரிவதே அதிலுள்ள கொழுப்புத் துளிகளும் கேசின் உருண்டைகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான். உருண்டைகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால் சிதறும் விதம் மாறும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை ஒளியிழை வழியாகப் பாலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் ஒளியைத் தொடர்ந்து கவனித்தால் இந்த மாற்றம் தெரியும். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1990-களில் இந்த முறையைப் பாலாடைக்கட்டித் தொழிலுக்காக வளர்த்தார்கள். உறைந்த பாலை எந்த நிமிடத்தில் வெட்ட வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும். இது நேரடியாகப் புளிப்பை அளப்பதல்ல, புளிப்பின் விளைவை அளப்பது. அந்த வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் ஏமாறும் இடங்கள்

கருவி எண்ணைத்தான் தரும். அதன் பொருளை மனிதர்தான் சொல்ல வேண்டும். நான்கு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, வெப்பம். ஒரே பாலின் பி.எச். சூட்டில் சற்றுக் குறைவாகவும் குளிரில் சற்றுக் கூடுதலாகவும் வரும். ஆகவே வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்காத எண் அரைகுறை எண்.

இரண்டாவது, சீம்பால். கன்று ஈன்ற முதல் நாட்களின் பாலில் புரதம் மிக அதிகம். அதைச் சூடாக்கினால் கட்டியாகும். அது கெட்டதால் அல்ல, அதன் இயல்பால்.

மூன்றாவது, மடிவீக்க நோய். நோயுற்ற மாட்டின் பாலில் பி.எச். இயல்பைவிடக் கூடி 7-ஐ நெருங்கும். இரத்தத்திலிருந்து உப்புகள் பாலில் கசிவதே காரணம். இந்தப் பாலுக்குரியவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவருக்குக் கால்நடை மருத்துவரின் உதவி தேவை.

நான்காவதுதான் மிக மோசமானது. புளிக்கத் தொடங்கிய பாலில் ஆப்ப சோடாவோ சலவை சோடாவோ போட்டால் அமிலம் சமனாகிவிடும். பி.எச். மறுபடியும் 6.7 என்று காட்டும். அடுப்பில் வைத்தாலும் திரியாது. ஆனால் பெருகிய பாக்டீரியாக்கள் அங்கேயே இருக்கும். அவற்றில் சில வகைகள் உண்டாக்கும் நஞ்சு, பாலைக் காய்ச்சினாலும் அழியாது. கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் திருப்பியதால் கழிந்த நேரம் திரும்பி வருமா? அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. வாங்குபவர் நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் செய்யும் மோசடி இது.

இதைக் கண்டுபிடிக்க ரோசாலிக் அமிலச் சோதனை உண்டு. 5 மில்லி பாலும் 5 மில்லி ஆல்கஹாலும் கலந்து, சில சொட்டு ரோசாலிக் அமிலக் கரைசல் விட்டால், சோடா கலந்த பால் ரோஜா சிவப்பாகும். கலக்காத பால் பழுப்பு நிறமாகும். இந்த நிறத்தையும் ஒளி சென்சாரால் படிக்க முடியும். ஆகவே நல்ல கருவி என்பது புளிப்பை மட்டும் அளந்து நின்றுவிடாது. சோடாவையும் தேடும், பாலின் மின்கடத்துத் திறனையும் பார்க்கும்.

நம் மஹல்லாவில் எழுந்த கேள்வி

சென்ற ரமலானில் ஸஹர் உணவுக்காக வாங்கிய 40 லிட்டர் பால் காய்ச்சும்போது திரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று மாலைக்குள், "சோடா கலந்த பால்" என்ற பேச்சு தெருவெல்லாம் பரவியது. அந்தப் பால்காரரிடம் வாங்கிவந்த வீடுகளில் சில நிறுத்திவிட்டன. மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு மாடுகளை நம்பி வாழ்கிறவர் அவர்.

மேலே படித்ததை வைத்து நீங்களே யோசியுங்கள். சோடா போட்டிருந்தால் பால் திரிந்திருக்காது. திரிந்ததே, அதன் புளிப்பை யாரும் மறைக்கவில்லை என்பதற்கு அடையாளம். விசாரித்தபோது தெரிந்த செய்தி இதுதான்: அவ்வளவு பால் ஒரே வேளையில் கிடைக்காததால், மாலையில் கறந்ததையும் நள்ளிரவுக்குப் பின் கறந்ததையும் பல வீடுகளிலிருந்து சேர்த்து ஒரே கேனில் ஊற்றியிருக்கிறார்கள். குளிரூட்டும் வசதி இல்லை. மாலைப் பாலின் புளிப்பு புதிய பாலையும் கெடுத்துவிட்டது. இது திருத்த வேண்டிய குறை, மோசடி அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஒரு குடும்பத்தின் ஹக் பறிபோகும்.

நம் நாட்டில் கலப்படம் எவ்வளவு என்பதற்கும் ஓர் அளவு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. குடிப்பதற்குப் பாதுகாப்பற்ற வகையில் கலப்படம் இருந்தவை 12. அதில் புளிப்பை மறைக்கும் காரப் பொருள் இருந்தது ஒன்றே ஒன்று. கொழுப்பும் மற்றச் சத்தும் குறைந்த மாதிரிகள் இதைவிட மிக அதிகம். எனவே அலட்சியமும் வேண்டாம், அளக்காமல் பழி சுமத்துவதும் வேண்டாம்.

அறக்கட்டளைக்காக மொத்தமாக வாங்கும் பாலுக்கு இனி ஒவ்வொரு கேனிலும் கொதிக்க வைக்கும் சோதனை செய்து, நேரத்தையும் வெப்பநிலையையும் நோட்டில் எழுதிய பிறகே பெரிய அண்டாவில் ஊற்றுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மாலைப் பாலையும் காலைப் பாலையும் தனித்தனிக் கேனில் தர அந்தச் சகோதரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

* பழைய பாலோடு புதுப் பாலைக் கலக்காதீர்கள். தனித்தனியே காய்ச்சுங்கள்.
* சந்தேகம் வந்தால் ஒரு கரண்டிப் பாலை மட்டும் சிறு பாத்திரத்தில் கொதிக்க வைத்துப் பாருங்கள். அது திரிந்தால் மீதியைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.
* கறந்த பாலை வாங்கியதும் காய்ச்சி, சூட்டைச் சீக்கிரம் ஆற்றி, குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டியின் கதவில் வைப்பதைவிட உள்தட்டில் வைப்பது நல்லது.
* பால் பாத்திரத்தின் விளிம்பிலும் மூடியின் இடுக்கிலும் பழைய பால் தங்கினால் அதுவே உறை ஊற்றியது போலாகும். கொதிநீரில் கழுவுங்கள்.
* பால் திரியாமல் இருக்க ஒரு சிட்டிகை சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். விற்பவர் செய்தால் தீங்கு என்றால், நாம் செய்தாலும் தீங்குதான்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

நான்கைந்து சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை வெந்நீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ஆப்ப சோடா கரைத்த நீர் விடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். எலுமிச்சை விட்டது நல்ல சிவப்பாகும், சோடா விட்டது பச்சைப் பக்கம் மாறும். பிறகு இருட்டறையில் கைபேசி டார்ச்சின் மேல் பச்சைக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றி, ஒவ்வொரு டம்ளர் வழியாகவும் சுவரில் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். எதில் சுவர் மங்குகிறது, எதில் பளிச்சென்று இருக்கிறது என்று எழுதுங்கள். ஒளி சென்சாரின் வேலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. சோதனை செய்த நீரைக் குடிக்கக் கூடாது.

வினாக்கள்

1. புதிய பாலில் லாக்டிக் அமிலம் உருவாகாதபோதும் 0.14 சதவீதம் என்று அளவு வருவது ஏன்?
2. பி.எச். 6.7-லிருந்து 6.4 ஆனால் அமிலத்தின் வீரியம் எத்தனை மடங்கு கூடும்?
3. சிவப்புக் கரைசலை அளக்கச் சிவப்பு எல்.இ.டி. பயன்படுத்தினால் என்ன ஆகும்?
4. ஒரு கேன் பாலின் பி.எச். 6.9 என்று வருகிறது. விற்றவரைக் குறை சொல்லும் முன் நீங்கள் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள் எவை?

9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் விடைகளை எழுதி, செம்பருத்திச் சோதனையின் குறிப்போடு, அடுத்த ஜும்ஆவுக்குள் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கவும். சரியான விடைகள் அடுத்த இதழில் வெளிவரும், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்